அப்பா பெயரில் வந்த ஜப்பான் வாட்ச்

சீனு,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்க நான் கையைத் தூக்கினேன். நீ பேச்சை நிறுத்திவிட்டாய். "அம்மா, கைல என்னது? அப்பா புக் பண்ணின வாட்ச்சா? அதை கேன்சல் பண்றேன்னுதானே பெங்களூரு போன?" என்று கேட்டாய். "இருடா, அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. சமையலறையில் சும்மா நின்றுவிட்டு வந்தேன். உனக்குச் சொல்லக் கூடாது என்பதில்லை. போனில் சொன்னால் "ஓகேம்மா, உன் இஷ்டம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாய். ஒரு வரிக்குள் சொல்ல எனக்கும் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். தமிழ் படிக்க உனக்கு நேரம் பிடிக்கும், தெரியும். கன்னடத்தில் எழுதியிருந்தால் ஒரே மூச்சில் படித்திருப்பாய். ஆனால் அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குக் கன்னடம் வரவில்லை. அவசரமில்லை, மெதுவாகப் படி.

உன் அப்பா ரயில்வே கண்ட்ரோல் அறையில் எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தார் என்று உனக்குத் தெரியும். எந்த வண்டி எந்த ஸ்டேஷனைத் தாண்டியது, எது எங்கே நிற்கிறது, எதை எதற்காக நிறுத்தி வைப்பது என்று நாள் முழுக்க நிமிஷங்களோடு மல்லுக்கட்டிய மனிதர். நான் பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். அவருக்கு ஒரு ஷிஃப்ட், எனக்கு ஒரு ஷிஃப்ட். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே "இன்னிக்கு யாரு வீட்ல?" என்று கேட்பாய். இருவரும் இருக்கும் நாள் உனக்குத் தீபாவளி மாதிரி. உண்மையைச் சொன்னால் நானும் அவரும் சேர்ந்து வாழ ஆரம்பித்ததே ரிடையர் ஆன பிறகுதான். மைசூர் விஜயநகரில் இந்த வீட்டைக் கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் அவர் காபியில் எவ்வளவு சர்க்கரை போட்டுக்கொள்கிறார் என்பதையே நான் கவனித்தேன்.

அந்த வாட்சை அவர் முதலில் பார்த்தது ஒரு மழை நாளில். பெங்களூரில் என் அண்ணன் மகள் ரிசப்ஷனுக்குப் போயிருந்தோம். மண்டபத்துக்குப் போக நேரமிருந்தது, மழை விடவில்லை, பக்கத்தில் இருந்த பெரிய மாலுக்குள் ஒதுங்கினோம். என் முழங்காலுக்கு அதற்கு மேல் நடக்க முடியவில்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கண்ணாடிக் கதவுகளைப் பார்த்தபடி நடந்து போனார். போனவர் வரவே இல்லை. கடைசியில் வந்தபோது அவர் முகத்தைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. யாரோ தெரிந்தவரைப் பல வருஷம் கழித்துப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

"சிஸ்டர், உள்ள ஒரு வாட்ச் இருக்கு" என்றார். வீட்டில் நல்ல மனநிலையில் இருந்தால் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார், உனக்கு ஞாபகம் இருக்கும். "செகண்ட் முள்ளு குதிக்கவே இல்லம்மா. டிக் டிக்னு இல்ல. அப்படியே வழுக்கிட்டுப் போவுது, தண்ணி மேல இலை போற மாதிரி."

"குதிக்கலைன்னா நான் பல்ஸ் எப்படிப் பார்க்கறது?" என்றேன்.

அவர் ஓவென்று சிரித்தார். ரிசப்ஷனில் சாப்பிடும்போதும் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வயதில் ஒரு ஆம்பளை இவ்வளவு சந்தோஷப்படுவதற்கு ஒரு கைக்கடிகாரம் போதுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மைசூருக்குத் திரும்பியதும் டேப்லெட்டில் தேடித் தேடி அதன் படங்களை எடுத்து வைத்தார். ஜப்பானில் மலையும் பனியும் இருக்கிற ஏதோ ஊரில், ஜன்னலுக்கு வெளியே காடு தெரிகிற பட்டறையில், ஆட்கள் கையால் கோர்த்துச் செய்கிறார்களாம். உள்ளே மற்றக் கடிகாரங்கள் மாதிரி சுருள்வில்தான். ஆனால் அதை அடக்கி ஓட வைக்கும் விதம் வேறு. அதனால்தான் முள் நடக்காமல் வழுக்குகிறது. பேட்டரி கிடையாது. கட்டிக்கொள்கிறவரின் கை அசைந்தால் போதும், தானே சாவி ஏறிக்கொள்ளும். ஓரத்தில் ஒரு குட்டி முள், இன்னும் எவ்வளவு தெம்பு மிச்சமிருக்கிறது என்று காட்டும். அதற்கு அப்பா வைத்த பெயர் பெட்ரோல் முள். அதிலும் அவர் பார்த்தது எண்ணி வைத்துச் செய்த வகை. உலகத்துக்கே இத்தனைதான் என்று சொல்லி, ஒவ்வொன்றின் முதுகிலும் அதன் எண்ணைப் பொறித்து அனுப்புவார்களாம். இந்தியாவுக்கு வருவது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான்.

எண்ணி வைத்துச் செய்கிறார்கள் என்பதற்காக அவர் ஆசைப்படவில்லை. அது என்னவோ அவருக்கு ஒரு தடையாகத்தான் இருந்தது. அவரை இழுத்தது அதன் முகம். வெள்ளை என்றும் சொல்ல முடியாது, சாம்பல் என்றும் சொல்ல முடியாது. பனி விழுந்த தரை மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். வெளிச்சம் திரும்பினால் நிறம் மாறும். "மார்கழில சாமுண்டி மலை மேலேர்ந்து காலம்பற பாத்தா ஊரே தெரியாம மூடியிருக்குமே, அந்த மாதிரி நோடு, பாரு" என்று டேப்லெட்டை என் மூக்குக்கு நேராக நீட்டுவார். நான் பார்ப்பேன். எனக்கு அது ஒரு வாட்ச், அவ்வளவுதான். "இதுல பார்க்க முடியாது, நேர்ல வந்து பாரு" என்பார். முழங்கால் சரியாகட்டும் என்பேன்.

விலையை இங்கே எழுதப் போவதில்லை. கேட்டதும் நான் உட்கார்ந்துவிட்டேன் என்று மட்டும் சொல்கிறேன். உன் படிப்பு, வீடு, அத்தையின் ஆபரேஷன், எல்லாம் முடிந்த பிறகும் அவர் பெயரில் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு சட்டையை எடுத்து அவராகவே மடிக்க ஆரம்பித்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"வாங்கட்டுமா?" என்றார். அந்த ஒரு வார்த்தைதான்.

"உங்க காசு, உங்க கை. என்னை ஏன் கேக்கறீங்க?"

"நீ வேணான்னா வேணாம்."

"எப்பவாவது உங்களுக்குன்னு ஒண்ணு கேட்டிருக்கீங்களா? வாங்கிக்குங்க."

சட்டையைக் கோணல்மாணலாக மடித்து வைத்துவிட்டுப் போனார். மறுநாளே பெங்களூருக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார். கடையில் இருந்தது காட்டுவதற்கு வைத்தது மட்டுமாம். வரிசைப்படிதான் வரும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்களாம். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. வண்டி வரும்வரை காத்திருக்கப் பழகிய மனிதர்தானே. பெங்களூருக்கு வேறு எதற்காகப் போனாலும் அந்தக் கடைக்குள் ஒரு எட்டு நுழைந்து பார்த்துவிட்டு வருவார்.

அவர் போன நாளைப் பற்றி நீ என்னிடம் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டுவிட்டு ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "லேசா ஒரு மாதிரியா இருக்கு" என்றார். நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. கீழே படுக்க வைத்து, தெரிந்ததையெல்லாம் செய்தேன். எதிர்வீட்டுச் சுமாவின் கணவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எத்தனை பேர் மணிக்கட்டில் விரல் வைத்திருப்பேன், எத்தனை பேர் வீட்டாரிடம் தலையை ஆட்டியிருப்பேன். அவர் மணிக்கட்டிலிருந்து மட்டும் விரலை எடுக்க முடியவில்லை. வந்தவர்கள்தான் என் கையைப் பிரித்தெடுத்தார்கள். நீ வந்தாய், எல்லாம் செய்தாய், லீவு முடிந்து போனாய். உன்னைக் குறை சொல்லவில்லை. நீ போகத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு இந்த வீடு எப்படி இருந்தது என்று சொல்ல முயற்சி பண்ணுகிறேன். இங்கே எல்லோரும் நல்லவர்கள்தான். காலையில் கார்கள் பின்னால் நகரும்போது போடும் பாட்டு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வரும். அதற்கப்புறம் தெருவே காலியாகிவிடும். ஒரு ஆளுக்குச் சமைப்பது கஷ்டம், சீனு. அரைக் கத்திரிக்காயை என்ன செய்வது? குக்கர் விசில் சத்தத்துக்கு "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று வாய்விட்டுப் பதில் சொல்லிக்கொண்டே ஓடியிருக்கிறேன். நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாய். அதற்கு முந்தின நாளே உன்னிடம் சொல்வதற்கு ஏதாவது நடந்திருக்க வேண்டுமே என்று யோசிப்பேன். ஒன்றும் நடந்திருக்காது. "எல்லாம் நல்லாயிருக்கு" என்பேன். வீட்டை விற்றுவிட்டு உன்னோடு கனடாவுக்கே வந்துவிடச் சொன்னாய். யோசிக்கிறேன் என்றேன்.

அப்பாவின் முதல் வருஷத் திதி முடிந்து கொஞ்ச நாளில் ஒரு போன் வந்தது. ஒரு பெண் குரல். "ஆன்ட்டி, சார் இருக்காரா? அவர் நம்பர் போகல, இந்த நம்பரும் எழுதிக் குடுத்திருந்தாரு. சாரோட வாட்ச் வந்துடிச்சின்னு சொல்லுங்க, ரொம்ப குஷியாயிடுவாரு." கோலார் தங்கவயல் பக்கத்துத் தமிழ். நான் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வாட்ச் விற்கிற கடையில் ஒரு பெண் உன் அப்பாவுக்காக அழுதாள். அவள் பெயர் ஜெனிஃபர். வேண்டாமென்றால் நேரில் வந்து எழுதிக் கொடுத்தால் போதும், அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம் என்றாள். உன்னிடம் கேன்சல் பண்ணப் போகிறேன் என்று சொன்னது பொய்யில்லை. அதற்காகத்தான் காலை ரயில் ஏறினேன்.

கடையில் எனக்கு முன்பே ஒரு பையன் வந்து உட்கார்ந்திருந்தான். பையன் என்றால் உன் வயதிருக்கும். கார்த்திக் என்று பெயர், சென்னைக்காரன், பெங்களூரில் ஐடி வேலை. வரிசையில் அப்பாவுக்கு அடுத்த பெயர் அவனுடையது. நான் வருகிறேன் என்று தெரிந்து ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "சாரி ஆன்ட்டி. நான் வந்திருக்கக் கூடாதோ என்னமோ. ஆனா இது இனிமே எங்கயும் கிடைக்காது" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் குரலில் உன் அப்பாவின் குரலில் இருந்த அதே ஆசை இருந்தது.

எழுதிக் கொடுக்கும் முன் ஒரு தடவை பார்க்கலாமா என்று ஜெனிஃபரிடம் கேட்டேன். அவள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, மரப்பெட்டியைத் திறந்து, ஒரு தட்டில் எடுத்து வைத்தாள். சீனு, நேரில் வந்து பார் என்று அவர் ஏன் சொன்னார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. படத்தில் வெள்ளையாகத் தெரிந்ததற்குள் அவ்வளவு இருந்தது. தட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் பனி மாதிரி, இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் அடுப்புச் சாம்பல் மாதிரி. முட்களின் ஓரம் கத்தி மாதிரி ஒளியை வெட்டியது. நீலமாக ஒரு செகண்ட் முள், எங்கேயும் நிற்காமல், எங்கேயும் தயங்காமல் போய்க்கொண்டே இருந்தது. கார்த்திக் குனிந்து பார்த்து, "அந்த வாட்ச் கேஸ் ஓரத்தைப் பாருங்க ஆன்ட்டி. அந்த மாதிரி பாலிஷ் போட ஒருத்தர் வருஷக்கணக்கா பழகணும். அதுல உங்க முகத்தைப் பாருங்க, கொஞ்சம்கூட நெளியாது" என்றான். பார்த்தேன். நெளியவில்லைதான்.

"நீ இதைத் தினமும் கட்டிக்குவியாப்பா?" என்று கேட்டேன்.

அவன் பதறிவிட்டான். "ஐயோ, இல்ல ஆன்ட்டி. இதைக் கட்ட மாட்டேன். பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்காம லாக்கர்ல வெச்சிடுவேன். என்கிட்ட இருக்கற எதையுமே பெரும்பாலும் கட்டறதில்ல. எப்பவாவது எடுத்துப் பார்ப்பேன்."

"தனியாவா?"

"ஆமா, தனியாத்தான்" என்று சொல்லிச் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

அப்போது ஜெனிஃபர், "ஆன்ட்டி, ஒரு வாட்டி கட்டிப் பாக்கறீங்களா? சார் உங்களைக் கூட்டிட்டு வரேன்னு சொல்லினே இருப்பாரு" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லும் முன்பே கையுறையைக் கழற்றிவிட்டு என் இடது கையைப் பிடித்துத் திருப்பி, மணிக்கட்டில் அதைச் சுற்றினாள். பட்டையைச் சரி பண்ணும்போது அவள் விரல்கள் என் நாடி மேல் இருந்தன. கை கதகதப்பாக இருந்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அப்பாவை நினைத்து இல்லை, வாட்சுக்காகவும் இல்லை. என்னை யாராவது தொட்டு எவ்வளவு நாளாகிறது என்று அந்த நேரத்தில்தான் தெரிந்தது. நீ ஊருக்குக் கிளம்பும்போது கட்டிக்கொண்டாயே, அதற்குப் பிறகு யாரும் இல்லை. காய்கறிக்காரருக்குக் காசு கொடுக்கக்கூட இப்போது போனைத்தான் காட்டுகிறோம், விரல் படுவதில்லை. நாளெல்லாம் அடுத்தவர் கையைப் பிடித்தே சம்பளம் வாங்கினவள் நான்.

வாட்ச் கனமாக இருந்தது. உறுத்துகிற கனமில்லை. யாரோ பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு கனம். நான் அதைக் கழற்றவில்லை. "நானே எடுத்துக்கறேம்மா" என்றேன். ஜெனிஃபர் என்னைப் பார்த்தாள், கார்த்திக்கைப் பார்த்தாள். அவன் முகம் வாடியது, மறைக்க முடியவில்லை. அப்புறம் மெதுவாக, "நான் ஒரு தடவை கட்டிப் பார்க்கலாமா ஆன்ட்டி? ஒரே ஒரு நிமிஷம்" என்றான். கழற்றிக் கொடுத்தேன். கட்டிக்கொண்டு, கையை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என் பிள்ளை மாதிரி இருந்தது. திருப்பிக் கொடுக்கும்போது, "தினமும் கட்டிக்குங்க ஆன்ட்டி. கீறல் விழுந்தா பரவால்ல" என்றான்.

இதற்கு ஆன செலவு அப்பா அதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தது. வேறெதிலும் நான் கை வைக்கவில்லை, கவலைப்படாதே. நான் புத்தியோடுதான் செய்தேன். இதை உனக்குச் சொல்ல ஒரு காரணமும் இருக்கிறது. உன் மனைவியோ நாளைக்கு உன் பிள்ளையோ உனக்குப் புரியாத ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து "இதைப் பாரேன்" என்று நீட்டினால், போனைக் கீழே வைத்துவிட்டு நேரில் போய்ப் பார். அது என்ன என்று புரியாவிட்டாலும் பரவாயில்லை. அவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தாய் என்பதே போதும்.

வீட்டுக்கு வந்த பிறகு அதைக் கழற்றவே இல்லை. உன்னோடு வீடியோவில் பேசும்போது மட்டும் கையைத் தூக்காமல் பார்த்துக்கொள்வேன். வெங்காயம் நறுக்கும்போதும் கட்டியிருந்தேன். எதிர்வீட்டுச் சுமா பார்த்துவிட்டு, "ஏன் ஆன்ட்டி, கண்டசர வாச்சு கட்டிதீரா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, ஆம்பளை வாட்ச்தான். நம் யஜமானர்து" என்றேன். அவள் தலையைச் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சென்னாகிதே" என்றாள். ஆமாம், நன்றாகத்தான் இருக்கிறது. காலையில் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு மாதிரி, மத்தியானம் ஹாலில் ஒரு மாதிரி. சில நேரம் அரை மணி அந்த நீல முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். மற்றக் கடிகாரங்கள் ஒவ்வொரு செகண்டையும் எண்ணிச் சொல்லும். இது எதையும் எண்ணாது. சும்மா கூடவே வரும்.

மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. உன்னிடம் சொல்லவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு, வாட்சைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் படுத்தேன். எழுந்து கஞ்சி வைப்பேன், படுப்பேன். பகல் எது, ராத்திரி எது என்று தெரியாமல் போயிற்று. போனில் சார்ஜ் இல்லை, போடவும் தோன்றவில்லை. உடம்பு கொஞ்சம் தேறியதும் மேசைக்குப் போய்ப் பார்த்தால் வாட்ச் நின்றிருந்தது. பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. கழற்றி வைத்தால் மூன்று நாள் ஓடும் என்று ஜெனிஃபர் சொல்லியிருந்தாள். அதற்கும் மேலே நான் படுத்துக் கிடந்திருக்கிறேன். எதிர்வீட்டுக்குத் தெரியாது, பால் போடுகிறவருக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. நான் எழுந்திருக்கவில்லை என்பது அந்த வாட்சுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. சாவுக்குப் பயமில்லை. அதை நான் எவ்வளவோ பார்த்தாயிற்று. இப்படியே சத்தமில்லாமல் மற்றவர்களுக்கு இல்லாமல் போய்விடுவேனோ என்றுதான் பயம்.

கையில் கட்டிக்கொண்டு, அது மறுபடி ஓடுவதற்காக வீட்டுக்குள்ளேயே கையை வீசிக்கொண்டு நடந்தேன். பைத்தியக்காரி மாதிரி இருந்திருக்கும். பிறகு என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒருத்தியைப் போனில் கூப்பிட்டேன். ஊருக்கு வெளியே, இனி குணமாக்க முடியாது என்று சொல்லப்பட்டவர்களை வலி தெரியாமல் வைத்துக்கொள்கிற ஒரு இல்லத்தில் அவள் வேலை செய்கிறாள். "ஊசி போட ஆள் இருக்காங்க. பக்கத்துல உக்கார ஆள் இல்ல. வர்றியா?" என்றாள். செவ்வாயும் வெள்ளியும் போகிறேன். உன்னிடம் இதையும் சொல்லவில்லை. ஆட்டோவில் அவ்வளவு தூரமா என்பாய்.

அங்கே மாதையன் என்று ஒரு பெரியவர் இருந்தார். தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கோபிநத்தத்துக்காரர். அந்த வார்டில் எல்லோரும் கன்னடம். அவருக்குக் கன்னடம் தெரியாமல் இல்லை, ஆனால் உடம்பு முடியாதபோது வாயில் தமிழ்தான் வந்தது. மகன் கேரளாவில் ஜேசிபி ஓட்டுகிறானாம், லீவு கிடைக்கவில்லையாம். நான் முதல் நாள் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் பேசியதும், என் முகத்தைப் பார்க்காமல் என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"அம்மிணி, இது ஓடுதுங்களா, நின்னு போச்சுங்களா?"

"ஓடுதுங்கய்யா. நல்லாப் பாருங்க."

கழற்றிக் கொடுத்தேன். காதில் வைத்துப் பார்த்தார். "சத்தமே காணோமே. கெட்டுப் போச்சுங்க" என்று உறுதியாகச் சொன்னார். நீல முள்ளைக் காட்டினேன். விரலால் அதன் கூடவே போய்ப் பார்த்தார். வாய் திறந்து சிரித்தார். அதிலிருந்து நான் போனாலே "வாச்சு கொண்டாந்தீங்களா அம்மிணி?" என்றுதான் கேட்பார். இந்த இடத்தில் நீ என்னைத் திட்டப் போகிறாய், தெரியும். மற்ற படுக்கைகளுக்குப் போய்வரும் நேரம் முழுக்க அதை அவர் கையிலேயே கட்டிவிட்டுப் போவேன். அவர் கை அவ்வளவு மெலிந்திருந்தது, வாட்ச் முழங்கை வரைக்கும் போய்விடும். ஜப்பானில் எண்ணி வைத்துச் செய்த சாமான், ஆஸ்பத்திரிப் பட்டைக்கு மேலே. "கையை ஆட்டினாத்தான் ஓடும்ங்க" என்று விளையாட்டாகச் சொன்னேன். அதிலிருந்து படுத்தபடியே கையைத் தூக்கி மெதுவாக ஆட்டிக்கொண்டே இருப்பார். வலிக்கும்போதும் ஆட்டுவார். "நின்னுறப் போவுதுங்க" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் மகன் வந்துவிட்டான். அப்பாவை ஊருக்கே கூட்டிப் போகிறேன் என்று வேன் பேசிக்கொண்டு வந்திருந்தான். பெரியவர் என்னைக் காட்டி, "இந்த அம்மிணி வாச்சுதான்டா. கையை ஆட்டுனாத்தான் ஓடும்" என்று அவனுக்கு விளக்கினார். அந்தப் பையன் வாட்சைப் பார்க்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் ஆட்டுகிற மாதிரியே கூடச் சேர்ந்து ஆட்டினான். நான் கழற்றி வாங்கிக்கொண்டேன். வேன் கிளம்பியதும் வார்டுக்குள் போகவில்லை, கொஞ்ச நேரம் வெளியே மரத்தடியில் நின்றேன். சில நாள் கழித்து அவன் போன் பண்ணினான். "வலியில்லாமத்தானுங்க போனாரு. கையை நாந்தானுங்க புடிச்சிருந்தேன்" என்றான். எனக்கு எதற்காகச் சொன்னான் என்று தெரியவில்லை. சொன்னது நல்லதாக இருந்தது.

கனடாவுக்கு வருவதைப் பற்றிக் கேட்டிருந்தாயே, வருகிறேன். உன் வீட்டைப் பார்க்க வேண்டும், உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ரெண்டு மாசம் இருக்கிறேன். வீட்டை விற்க வேண்டாம். டிக்கெட் போடும்போது திரும்பி வருவதற்கும் சேர்த்துப் போடு. இந்த வாரம் ஜன்னலோரப் படுக்கைக்குப் புதிதாக ஒரு அம்மாள் வந்திருக்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். எந்த ஊர், என்ன பாஷை என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. நாளைக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும்.

அம்மா